லூப் போட்டுப் பார்த்த கதை

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். கல்லூரியில் ஏதோ ப்ராஜெக்ட். அவள் செய்த வலைப்பக்கத்தை ஒரு போல்டராகக் கட்டி மின்னஞ்சலில் அனுப்பி, "தாத்தா, பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். நானும் கோப்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தேன். தலைப்பு வந்தது, படம் வந்தது. நடுவில் வரவேண்டிய பட்டியல் மட்டும் வரவில்லை.

"ஐயோ தாத்தா, டபுள் கிளிக் பண்ணாதீங்க. லோக்கல் சர்வர் போட்டுப் பாருங்க."

போனிலேயே பாடம் நடந்தது. அந்த போல்டருக்குள் போய்க் கறுப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும். பைத்தான் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் எம் என்ற எழுத்து, மறுபடி இடைவெளி, பிறகு ஹெச்.டி.டி.பி., புள்ளி, சர்வர். என்டர். அவ்வளவுதான். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்றும் 8000 என்றும் அடித்தேன். பட்டியல் வந்துவிட்டது.

நான் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை. இந்த ஒரு வரி 2004ல் எனக்குத் தெரிந்திருந்தால், ஒரு பெரிய மனிதர் முன்னால், ஒரு பள்ளிக்கூட ஹாலில், இருநூறு பேர் பார்க்க நான் தலைகுனிந்திருக்க வேண்டாம். அந்தக் கதையையும், இந்த லோக்கல் சர்வர் என்ற சங்கதி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தலைமுறைக்குச் சர்வர் என்றால் ஹோட்டலில் தோளில் துண்டோடு வந்து நிற்பவர்தான். கணினிச் சர்வரும் ஏறக்குறைய அதேதான். கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும். அது ஏசி அறையில் நிற்கும் இரும்பு அலமாரி என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை, அது ஒரு மென்பொருள். எந்தக் கணினியில் ஓடுகிறதோ, அந்தக் கணினி அப்போதைக்குச் சர்வர். கோப்பை இரண்டு தட்டுத் தட்டித் திறப்பது, அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. சர்வர் வழியாகப் பார்ப்பது, இலை போட்டு உட்கார்ந்து பரிமாறச் சொல்வது. சாம்பார் ஒன்றுதான். ஆனால் பரிமாறுகிறவர் செய்யும் கோளாறு அடுக்களையில் தெரியாது.

உலகத்தின் முதல் வலைச் சர்வரே ஒரு மேஜைக் கணினிதான். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சி மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் செய்த கறுப்புக் கணினி ஒன்றில் இதை எழுதினார். 1990 டிசம்பர் முடிவதற்குள் முதல் சர்வரும் முதல் உலாவியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இரண்டும் அவர் மேஜைமேல் இருந்த அதே கணினியில்தான் ஓடின. யாராவது விளக்கை அணைக்கிற ஞாபகத்தில் அதையும் அணைத்துவிடப் போகிறார்களே என்று, இது சர்வர், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிக் கணினியிலேயே ஒட்டியிருந்தார். அந்த ஒட்டுத்தாளோடு அந்தக் கணினியை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் மெயின் சுவிட்ச் மேல் இதே மாதிரி அட்டை தொங்கும் என்பதால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறவு தோன்றும்.

அவருடைய உலாவியில் பக்கத்தைப் படிக்கலாம், அதிலேயே எழுதவும் செய்யலாம். எழுதுகிறவர், பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவர் மூவரும் ஒரே பெட்டிக்குள் இருந்தார்கள். அடுத்த மூன்று வருடத்தில் இது பிரிந்தது. 1991 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் சர்வர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் துகள் ஆராய்ச்சி மையத்தில் வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் அறிவித்தது. அதே வருடம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்திலிருந்து மொசைக் உலாவி வந்தது. படம் எழுத்தோடு சேர்ந்தே தெரியும் என்பதால் உலகமே அதன் பின்னால் ஓடியது. ஆனால் அதில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுதுகிறவன் வேறு எதிலோ எழுதி, எங்கேயோ உள்ள சர்வருக்கு அனுப்பி, பிறகு தன் உலாவியில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அதே மையத்தில் ராப் மெக்கூல் என்ற இளைஞர் ஒரு சர்வர் மென்பொருள் எழுதினார். ஊரெல்லாம் அதைத்தான் ஓட்டினார்கள். 1994ல் அவர் வேறு வேலைக்குப் போய்விட, அதைக் கவனிக்க ஆளில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பழுதைச் சரிசெய்து, அந்த ஒட்டுகளை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டார்கள். 1995 தொடக்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்து அந்த ஒட்டுகளை எல்லாம் ஒன்றாகத் தைத்தார்கள். அதுதான் அப்பாச்சி. ஒட்டுப்போட்ட சர்வர் என்பதன் ஆங்கில உச்சரிப்பிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அமெரிக்கப் பழங்குடியினர் மேலுள்ள மரியாதையில் வைத்தது என்றும் சொல்வார்கள். 1995 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குள் உலகில் அதிகம் ஓடிய சர்வர் அதுதான். இலவசம் என்பதாலும், சாதாரண வீட்டுக் கணினியிலும் ஓடும் என்பதாலும் பின்னாளில் என் போன்றவன் கைக்கும் அது எட்டியது.

இனி எனக்குச் சொந்தமான இடத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் நான். எங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரண்டு ஊருக்கு நடுவே லிங்க் வேலை செய்யவில்லை என்றால், பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அனுபவசாலி ஒருவர் வருவார். "லூப் போடுங்கப்பா" என்பார். வெளியே போகும் கம்பியை, உள்ளே வரும் கம்பியோடு நம் பக்கத்திலேயே முறுக்கிவிட வேண்டும். நாம் அனுப்புவது நமக்கே திரும்பி வரும். சரியாக வந்தால் நம் கருவி நன்றாயிருக்கிறது, பழுது வெளியே. வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நம் கருவியைப் பிரிக்க வேண்டும்.

இணையத்தை அமைத்தவர்களும் இதே லூப்புக்கு இடம் வைத்தார்கள். கணினிகளுக்கான முகவரி எண்களை அப்போது கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு பதிவேட்டில் எழுதிவந்தவர்கள் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும். 127 என்று தொடங்கும் முகவரிகளை முதலில் ஒதுக்கி வைத்து, 1986 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் அதன் வேலையையும் சொன்னார்கள். அந்த முகவரிக்கு அனுப்பியது கணினிக்குள்ளேயே சுற்றித் திரும்ப வேண்டும், எந்தக் கம்பியிலும் வெளியே தலைகாட்டக் கூடாது. 127ல் தொடங்கும் முகவரிகள் மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். நாம் எல்லாரும் பயன்படுத்துவது 127.0.0.1 என்ற ஒன்றைத்தான். இப்படி அள்ளிக் கொடுத்தது வீண் என்று இப்போது புலம்புகிறார்கள். அன்றைக்கு முகவரிக்குப் பஞ்சம் வரும் என்று யார் கண்டது? லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த எண்ணின் செல்லப்பெயர். 1999ல் அந்தப் பெயரையும் யாருக்கும் விற்காமல் ஒதுக்கிவிட்டார்கள்.

பேத்தி சொன்ன 8000க்கும் ஒரு கதை உண்டு. ஒரே கணினியில் பல சேவைகள் ஓடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண். எங்கள் பாஷையில் எக்ஸ்டென்ஷன். வலைக்கு 80. ஆனால் யூனிக்ஸ் கணினிகளில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை நிர்வாகி மட்டும்தான் திறக்கலாம். சோதனைக்காகச் சர்வர் ஓட்ட நினைத்த மாணவர்களும் சின்ன உத்தியோகஸ்தர்களும் 8080, 8000 என்று உயரத்தில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை சோதனைச் சர்வர்களுக்கு அந்த எண்கள்தான் வழக்கம்.

2003ல் ஓய்வுபெற்றேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தமிழய்யா தாமிரபரணிக் கரை ஊர்களில் சைக்கிளில் சுற்றி, நீர்ப்பாசனச் சொற்களை மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். மடை, மதகு, கலிங்கு, குமிழி, உள்வாய் என்று போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, அதன் கீழே யார் சொன்னது என்றும் எழுதியிருப்பார். மடை பார்ப்பவர், வண்டிக்காரர், தயிர்க்காரம்மா. சில சொற்களின் கீழே வெறுமனே 'அம்மா' என்றிருக்கும். அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கி, எட்டு மாதம் உட்கார்ந்து யூனிகோடில் தட்டினேன். உயிரெழுத்து வரிசையில் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். என் கணினியில் லதா எழுத்துருவில் முத்து முத்தாகத் தெரிந்தது. வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கட்டி வெளியூரில் ஒரு சர்வரில் இடம் பிடித்து, டயல்-அப் இணைப்பில் ஓர் இரவு முழுவதும் ஏற்றினேன். ஏற்றியதைத் திரும்பத் திறந்து பார்த்தேனா என்றால், இல்லை. விடிந்துவிட்டது, போன் பில்லும் ஏறிக்கொண்டிருந்தது. என் கணினியில்தான் நன்றாகத் தெரிகிறதே!

2004ல் ஐயாவுக்கு எண்பது நிறைந்ததைப் பழைய மாணவர்கள் விழாவாக எடுத்தோம். பள்ளிக்கூட ஹாலில் ப்ரொஜெக்டர் வைத்து, மோடம் கிறீச்சிட்டு அடங்க, நான் முகவரியை அடித்தேன். திரையில் வந்தது தமிழ் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி வட்டத்துக்குள் 'ஆர்'. திரை முழுவதும் அதுதான். ஐயாவின் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். "இது எந்த ஊரு எழுத்துடே?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

புகைப்படத்தின் கதை எளிது. என் கணினியின் டி டிரைவில் உள்ள படத்துக்கு வழி காட்டி எழுதியிருந்தேன். என் வீட்டில் மட்டும் தெரியும், உலகத்தில் வேறு எங்கும் தெரியாது. எழுத்தின் கதைதான் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால் முத்து முத்தாகத் தமிழ். சர்வரில் திறந்தால் வட்டத்துக்குள் ஆர். இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினால், எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் கோப்பைப் பாருங்கள் என்று பதில். லைன்மேன் வரும்போது மட்டும் போன் நன்றாக வேலை செய்யும் என்று சந்தாதாரர்கள் புலம்புவார்களே, அந்த நிலைமைதான் எனக்கு. இத்தனை வருடம் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்.

அப்போதுதான் லூப் ஞாபகம் வந்தது. கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றில் அப்பாச்சி இருந்தது. அதை என் கணினியில் நிறுவி, என் பக்கங்களை அதன் போல்டரில் போட்டு, 127.0.0.1 என்று அடித்தேன். என் வீட்டுத் திரையில், முதல்முறையாக, வட்டத்துக்குள் ஆர்!

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "சரியாப் போச்சா?" என்றாள். "இல்ல, இங்கயும் கெட்டுப்போச்சு!" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். பழுது வீட்டுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விஷயம் இதுதான். சர்வர் பக்கத்தை மட்டும் அனுப்புவதில்லை. அதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு அனுப்பும். வருவது என்ன வகை, எந்த எழுத்து முறையில் படிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக்குள் நான் யூ.டி.எஃப்-8 என்று எழுதியிருந்தேன். கோப்பை நேரடியாகத் திறந்தால் சீட்டு கிடையாது, ஆகவே உலாவி என் பேச்சைக் கேட்டது. சர்வர் வழியாக வரும்போது சீட்டில் ஐ.எஸ்.ஓ. 8859-1, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்து, என்றிருந்தது. இரண்டும் மாறுபட்டால் சீட்டு சொல்வதுதான் செல்லும். யூ.டி.எஃப்-8ல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதுதான் அந்தக் கோடு போட்ட ஏ. இரண்டாவதில் இரண்டே வகை, அதில் ஒன்று வட்டத்துக்குள் ஆர். கம்பர் எழுதினாலும் நான் எழுதினாலும் மேற்கு ஐரோப்பியக் கண்ணாடி வழியாக அப்படித்தான் தெரியும்.

அந்தச் சீட்டைக் கெட்ட எண்ணத்தில் யாரும் வைக்கவில்லை. எழுத்து முறை சொல்லாத பக்கங்களில் விஷமிகள் மாறுவேடத்தில் கட்டளைகளைப் புகுத்த முடியும் என்று 2000 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதற்குப் பரிகாரமாக, எழுத்து முறையை எப்போதும் சொல்லிவிடும் வசதியை அப்பாச்சியில் சேர்த்தார்கள். அடுத்து வந்த 2.0 பதிப்புகளின் அமைப்புக் கோப்பில் மேற்கு ஐரோப்பியம் என்று ஒரு வரி தயாராகவே இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பெற்றுவிட்டது, யூ.டி.எஃப்-8 1992லேயே பிறந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பியம் என்று வைத்துக்கொள் என்பதுதான் அப்போதைய வலை விதி. 2014ல்தான் அதை விதியிலிருந்து நீக்கினார்கள்.

அமைப்புக் கோப்பில் அந்த வரியின் முன்னால் ஒரே ஒரு குறி போட்டு அதை முடக்கினேன். தமிழ் வந்தது. கண்டுபிடித்ததை ஆதாரத்தோடு நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் மாற்ற மூன்று வாரம் ஆயிற்று.

ஐயாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மகளோடு மும்பைக்குப் போகப் போகிறார், அதற்குள் பார்க்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். என் அறையில் உட்காரவைத்து, 127.0.0.1 என்று அடித்துக் கொடுத்தேன். "ஐயா, இது இன்னும் வெளிய போகல. இந்தப் பெட்டிக்குள்ளயே சுத்துது" என்றேன்.

"எழுத்து எழுத்தா இருக்குல்லாடே, போதும்" என்று சொல்லிவிட்டு மவுஸை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிந்தைய வரலாறு எல்லாம் வசதியின் வரலாறு. நான் கையால் செய்ததை, 2002லேயே ஜெர்மனியில் சில நண்பர்கள் சாம்ப் என்ற பெயரில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாச்சி, தரவுத்தளம், பி.ஹெச்.பி., பேர்ல் எல்லாம் ஒரே நிறுவலில். அதற்கும் முன்னால் விண்டோஸ் 98 சிடியில் ஓரமாக ஒரு பெர்சனல் வெப் சர்வர் இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்களோ. பைத்தான் மொழியில் சின்ன சர்வர் வெகுநாளாகவே உண்டு. 2004 நவம்பரில் வந்த 2.4 பதிப்பில்தான் அதை ஒரே வரியில் எழுப்பும் வழி பிறந்தது, எனக்குச் சில மாதம் தாமதமாக! 2012 மார்ச்சில் பி.ஹெச்.பி.யும் தன் பங்குக்கு ஒன்றை உள்ளேயே வைத்துக்கொண்டது. இப்போது இவை அவசியமாகியும் விட்டன. நேரடியாகத் திறந்த பக்கம் பக்கத்திலிருக்கும் கோப்புகளை இழுக்கப் பார்த்தால், பாதுகாப்பு கருதி உலாவிகள் மறுக்கின்றன. பேத்தியின் பட்டியல் வராததும் அதனால்தான்.

ஒரு முறை சாம்ப் கிளம்பவே மாட்டேன் என்றது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேசுவதற்காகப் போட்டிருந்த மென்பொருள் 80ஆம் எண் கதவில் ஏற்கெனவே காலை நீட்டிப் படுத்திருந்தது. இன்னொன்று: பேத்தி சொன்ன அந்த ஒரு வரி, நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், 127ஓடு நிற்பதில்லை. அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் கணினியின் எண்ணை அடித்து அந்த போல்டரைப் பார்க்கலாம். செல்போனில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அது சவுகரியம். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் போல்டரில் நின்று செய்யாதீர்கள். லூப்பில் அகப்படாத பழுதும் உண்டு. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமில்லாமல் கோப்புப் பெயர் திறக்கும். வெளியே உள்ள சர்வர் பெரும்பாலும் யூனிக்ஸ் வழி வந்தது, அது விடாது. ஐயாவின் புகைப்படம் இரண்டாவது முறையும் வராமல் போனது அப்படித்தான்.

பேத்தி போனை வைத்தபின் அந்தக் கறுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டது, எப்போது, எந்தப் பக்கம், என்ன விடை என்று ஒவ்வொரு கேட்புக்கும் ஒரு வரி எழுதியிருந்தது. என்.சி.எஸ்.ஏ. காலத்து வாய்பாடு, முப்பது வருடமாக மாறவில்லை. என் பழைய அப்பாச்சியும் அதே மாதிரிதான் எழுதும். அந்தக் குறிப்பேட்டை சிடியிலிருந்து பென் டிரைவுக்கும், அதிலிருந்து இந்தக் கணினிக்கும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். தேடி எடுத்தேன்.

அந்த மத்தியானம் 3.41க்குத் தொடங்குகிறது. பார்வையாளர் 127.0.0.1. முதல் பக்கம், 200. அகரம், 200. ஆகாரம், 200. 200 என்றால் கேட்டது கிடைத்தது, அனுப்பிவிட்டேன் என்று பொருள். சில பக்கங்களுக்கு நடுவே ஒரு நிமிடம், சிலவற்றுக்குப் பத்து நிமிடம். 'உ' பக்கம் 4.20க்கு. 'அம்மா' என்ற பெயர் அதிகம் வரும் பக்கம் அது. பிறகு வரிசையாகப் போய், 5.50க்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார், நான் வந்து திறந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான். மறுபடியும் 'உ' பக்கம், 5.58. அதில் மட்டும் 200 இல்லை, 304 என்றிருக்கிறது. முன்பு வாங்கிப்போனது மாறியிருக்கிறதா என்று உலாவி கேட்டால், மாறவில்லை, அப்படியே இருக்கிறது என்று சர்வர் சொல்லும் விடை அது.